பெருவிரல்

டோபர்மோரி. ஓகஸ்ட். காலை ஒன்பதே கால்.
இரண்டு பக்கப் படிவம்:
ஆஸ்துமா உண்டா, காதில் சத்திரசிகிச்சை நடந்ததா,
பதற்றம் வருமா.
ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் முணுமுணுத்தேன்,
தொழில் பழக்கம்.
இல்லை. இல்லை.
கடைசிக் கேள்வியில் பேனா கொஞ்சம் நின்று
இல்லை.

பத்தொன்பது வருஷமாய் உரைபெயர்ப்பாளர்.
அகதி விசாரணை, பிரசவ அறை,
ஸ்கார்பரோவில் புற்றுநோய்ப் பிரிவு.
வைத்தியர் ஆறு மாதம் என்பார்;
அந்த ஆறு மாதத்தைத் தமிழில் கொடுப்பது நான்.
என் வாயிலிருந்து வரும் ‘நான்’
எப்போதும் வேறு யாரோ.
போன மாதம்கூட
“எனக்கு வலி இல்லை, பயம்தான்” என்றேன் ஆங்கிலத்தில்.
வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன்.

யாரும் கதைக்காத இடத்துக்குப் போவோம்
என்று கேட்டது நான்தான்.
வாகீசனுக்கு நீச்சல் தெரியாது.
என் கண்ணாடி, கார்ச் சாவி, தன் கோப்பி
மூன்றையும் இரண்டு கையில் பிடித்தபடி
இறங்குதுறையில் உட்கார்ந்திருந்தார்.

பயிற்றுநர் எலோடி, ரிமூஸ்கிக்காரி.
என் மகள் ஆரபியின் வயது இருக்கும்.
“கீழே வார்த்தை கிடையாது. மூன்று சைகை.
விரலால் வட்டம்: நலம்.
உள்ளங்கை ஆடினால்: ஏதோ சரியில்லை.
பெருவிரல் மேலே: மேலே போகலாம்.”
மூன்றே சொல்லுள்ள மொழி.
எனக்கா சொல்லித் தருகிறாய், பிள்ளை,
நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தவள்.

ஏழு மில்லிமீட்டர் ரப்பருக்குள் என்னைத் திணிக்க
இரண்டு பேர் வேண்டியிருந்தது.
இடுப்பில் ஈயம், முதுகில் காற்று.
ஹூரன் ஏரி
கழுத்து வழியே நுழைந்து
முதுகெலும்பை ஒவ்வொன்றாய் எண்ணியது.
கண்ணுக்குக் கடல்போலக் கிடந்த தண்ணீர்
நாக்கிடம்தான் உண்மை சொன்னது: உப்பில்லை.

தலை உள்ளே போனதும்
பக்கத்து அறையில் யாரோ
பெட்டியை இழுத்துப் போகிற சத்தம்.
என் மூச்சு.
மூக்கைப் பொத்தி ஊதினேன்,
காதுக்குள் ஒரு கதவு திறந்தது.

மூன்று மீட்டர்.
சுண்ணாம்புப் பாறையில் வெயில் நெளிய
சின்னஞ்சிறு சிங்கிறால் ஒன்று
எங்களுக்கு முதுகு காட்டாமல்
பின்பக்கமாகவே வீட்டுக்குப் போனது.
எலோடி முகத்துக்கு நேரே மிதந்து
கண்ணால் கேட்டாள்.
அவ்வளவு சந்தோஷம் எனக்கு.
பெருவிரலை உயர்த்தினேன்,
சூப்பர் என்று.

தோள்பட்டியைப் பிடித்து
மேலே கொண்டுவந்து விட்டாள்.

வெயில். கடற்காகம். துறையில் வாகீசன் எழும்ப
கோப்பி கவிழ்ந்தது.
“என்ன ஆச்சு?”
“ஒன்றும் இல்லை. நல்லாய் இருக்கு என்றுதான் சொன்னேன்.”
“நீ சொன்னது அது இல்லை.”
அவள் சிரிக்கவில்லை.
எத்தனை விசாரணையில்
எத்தனை பேரிடம் இந்த வசனம்
என் குரலில் போயிருக்கும்.

திரும்ப இறங்கினோம்.
ஐந்து மீட்டரில் பழைய படகொன்றின் விலா,
அதற்கப்பால் பச்சை, அதற்கப்பால் இன்னும் பச்சை.
இடது காதில் ஊசி இறங்கியது.
ஊதினேன். கதவு திறக்கவில்லை.

உள்ளங்கையை ஆட்டினேன்.
காதைத் தொட்டுக் காட்டினேன்.
எனக்கு வலிக்கிறது.

யாரும் அதை எனக்குத் தரவில்லை,
யாருக்கும் நான் அதைக் கொண்டுபோகவில்லை.
எலோடி நின்றாள்.
கையைப் பிடித்து ஒரு முழம் உயர்த்தி
காத்திருந்தாள். அவ்வளவுதான்.
எங்கள் குமிழிகள் கலந்து கலந்து போயின,
எது யாருடையது என்று கேட்க ஆளில்லை.
பிறகு, டிக்.
வட்டம் போட்டேன்.

கரையேறியதும் ரப்பர் கழற்ற மறுபடி இரண்டு பேர்.
“எப்படி இருந்தது?” என்றார் வாகீசன்.
பெருவிரலை உயர்த்தி,
அவசரமாய் மடக்கி,
வட்டமாக்கினேன்.
அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.
“குளிருதா? கோப்பி வாங்கட்டா?” என்றார்.